துண்டில் முடிந்த பீஸ் கட்டை

நெடுங்கொல்லையில் கரண்ட் போனால் ஜனங்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், ஆத்மநாதன் வீட்டு வாசலைத்தான் பார்ப்பார்கள். ஆலங்குடிக்குக் கிழக்கே தென்னையும் முந்திரியும் கடலைக் கொல்லையுமாகக் கிடக்கிற அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அவர்தான் லைன்மேன். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மரில் இருக்கிற மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிவிடுவார். பிடுங்கியதைக் கீழே வைக்க மாட்டார், கூட நிற்கிறவரிடமும் கொடுக்க மாட்டார். துண்டில் போட்டு முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஏறுவார். கட்டை அவர் இடுப்பில் இருக்கிறவரைக்கும் எந்த மகராசனும் லைனில் கரண்ட் விட முடியாது. வேலை முடிந்து இறங்கி, தன் கையாலேயே திரும்பச் சொருகினால்தான் ஊருக்கு வெளிச்சம்.

"மேல ஏறுறவன் உசுரு அந்தக் கட்டையிலதான்டா இருக்கு. பெத்த தகப்பன் கேட்டாலும் குடுக்காத" என்று கூட வேலை பார்க்கும் கோபிநாத்திடம் சொல்லிக்கொண்டே இருப்பார். கோபிநாத்துக்கு அது காதில் புளித்துப் போயிருந்தது.

அப்பேர்ப்பட்ட மனுசரையும் கரண்ட் கீழே தள்ளியது. கட்டைகள் என்னவோ அவர் இடுப்பில்தான் இருந்தன. பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. கரண்ட் நின்றதும் அவர்கள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். தெரு லைனிலிருந்து வீட்டைத் துண்டிக்காமல் அதை வீட்டு ஒயரிலேயே சொருகிவிட, அந்தக் கரண்ட் பின்பக்கமாகவே லைனில் ஏறி வந்து கம்பத்தின் உச்சியில் இருந்தவரைப் பிடித்துவிட்டது. உதறின உதறலில் கடலைக் கொல்லையில் மல்லாக்கப் போய் விழுந்தார். விழுந்தபோது துண்டு முடிச்சு அவிழவில்லை என்று ஊரில் இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்வார்கள். என்ன ஆச்சரியம் வேண்டிக்கிடக்கிறது, ஆள் விழுந்துவிட்டாரே.

உயிர் பிழைத்தது அம்மன் புண்ணியம். முதுகெலும்பின் அடிப்பக்கம் நொறுங்கி ஆபரேஷன் ஆயிற்று. படுத்துக் கிடந்த கால்கள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துவிட்டன. திரும்பாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஒண்ணுக்கு வரவில்லை. மூத்திரப் பைக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது என்றார்கள். பை நிரம்பும், நிரம்பியது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பை தானாகச் சுருங்கி வெளியே தள்ளாது. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மெல்லிசான ட்யூபை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தேங்கினது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ட்யூபைத் தானே விட்டுக்கொள்ள நர்ஸம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பதினோராயிரம் வோல்ட் லைனுக்கு அஞ்சாத கை, அந்த ரப்பர்க் குழாயை எடுத்து எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைத்தது. அவருடைய மனைவி செவந்தி எழுந்து போனாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இங்கிட்டுத் திரும்புங்க" என்றாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாயிற்று. தென்னை நார் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தவள் மில்லை விட்டாள், கல்யாணம் காட்சியை விட்டாள். நாலு மணி நேரத்துக்கு மேல் அவர் இருக்கிற இடத்தை விட்டு அவளால் எங்கேயும் நகர முடியவில்லை.

ஆபீசில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போன் எடுக்க வேண்டும், புகார் கேட்க வேண்டும். மரியாதையான வேலைதான். ஆனால் அவருக்கு அது முள்ளின் மேல் உட்கார்ந்த கதையாக இருந்தது. அந்த நேரத்தில்தான் வைகாசித் தேர் பற்றிய பேச்சு வந்தது.

நெடுங்கொல்லை மாரியம்மன் தேர் உயரமான தேர். தெருக்களில் கம்பிகள் தாழ்வு. தேர் ஒரு தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் அந்தத் தெருவுக்குக் கரண்டை நிறுத்தி, குறுக்கே போகிற ஒயர்களைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதனால் தேருக்கு முன்னால் மேளம் போகும், மேளத்துக்கும் முன்னால் லைன்மேன் போவார். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் நடந்தவர் ஆத்மநாதன். "அம்மனுக்கே வழி விடுறது நம்ம கரண்டுக்காரருதான்" என்று பெண்கள் குலவை போடுவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் மழையிலும் வெயிலிலும் கம்பம் ஏறினேன் என்று அவர் செவந்தியிடம் சொல்லியிருக்கிறார்.

அதிகாரி நல்ல மனுசர். நேராகவே கேட்டார். "காலையில வடம் புடிச்சா நிலைக்கு வர சாயங்காலம் ஆயிரும். நடுவுல ஒரு மறைவு தேடி, படுத்து, ட்யூபு விட்டு எந்திரிச்சு வர முடியாது ஆத்மநாதன். தேருக்குள்ள ஒடம்பு சரியாச்சுன்னா சொல்லுங்க, ஒங்களையே போடுறேன். இல்லேன்னா கோபிநாத்து பாத்துக்கட்டும். அதுக்கப்புறம் ஃபீல்டு வேலைக்கே ஒங்களைக் கூப்புடாம, ஆபீசுலயே நிரந்தரமா வச்சுக்கிர்றேன்."

நிரந்தரம் என்ற சொல்லைத்தான் அவர் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ட்யூப் வாங்கப் போன அன்றைக்கு, அங்கே இருந்த டாக்டர் ஒருவர், மாடியில் இயற்கை மருத்துவப் பிரிவில் ஊசி வைத்துப் பார்க்கலாமே என்று எழுதிக்கொடுத்தார். அங்கே இளமதி என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனால் வாய்ப்பேச்சில் தேங்காய் உரிக்கிற கூர்மை.

"இதுக்கு அக்குபஞ்சர்ங்கய்யா. இடுப்புக்குக் கீழ, முதுகெலும்பு முடியிற எடத்துல ஊசி வைப்போம். கணுக்கால் பக்கமும் வைப்போம். அந்த ஊசியில கிளிப்பு மாட்டி லேசா துடிப்பு குடுப்போம். தூங்கிக்கிட்டு இருக்கிற நரம்பைத் தட்டி எழுப்புற மாதிரின்னு வச்சுக்கங்களேன். சில பேருக்கு நல்லாக் கேக்குது, சில பேருக்குக் கேக்குறதில்ல. மந்திரமெல்லாம் இல்ல. ட்யூபை நாங்க சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"துடிப்புன்னா?"

"கரண்டுதாங்கய்யா."

ஆத்மநாதன் எழுந்தே விட்டார். செவந்தி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்க, பேட்டரிதான்."

"பேட்டரியும் கரண்டுதானேம்மா" என்றார் அவர். கரண்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். கரண்டைக் கூட்டுகிற திருகு தன் கையில் இருக்க வேண்டும். இளமதி கொஞ்சம் யோசித்தாள். குப்புறப் படுக்கிறவருக்கு முகத்துக்குப் பக்கத்திலேயே பேட்டரிப் பெட்டியை வைத்துவிடலாம், அவர் தாங்குகிற அளவுக்கு அவரே கூட்டிக்கொண்டால் அதுவும் நல்லதுதான் என்று ஒத்துக்கொண்டாள். "தட்டுற மாதிரி தெரியணும், வலிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

முதல் நாள் ஊசி இறங்கியது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. அவர் திருகை ஒரு மயிரிழை திருப்பினார். இடுப்புக்குள் எதுவோ டக்கென்று சுண்டியது. அவ்வளவுதான், கம்பத்தின் உச்சியும் கல்யாண வீட்டு மேளச் சத்தமும் கடலைக் கொல்லையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. கை தானாகத் திருகைப் பின்னால் திருப்பி அடி மட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"தட்டுதாங்கய்யா?" திரைக்கு அந்தப் பக்கமிருந்து இளமதி கேட்டாள்.

"நல்லாத் தட்டுதும்மா" என்றார் ஆத்மநாதன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை போயிற்று, போய் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. ஊசிதானே மருந்து, கரண்ட் என்ன பெரிய கரண்ட் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். செவந்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாரியம்மனுக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முக்கி முயன்று பார்த்துவிட்டு வந்த பிறகும் பையில் மிச்சம் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக்கூட குறையவில்லை. இளமதியின் முகம் சுருங்கிப்போனது.

"நான் சொன்னேனே, எல்லாருக்கும் கேக்காது. இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் மாறலைன்னா நிறுத்திக்கலாம்ங்கய்யா. வீணா ஒங்களை அலைய விட வேணாம்."

செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுவது தெரியக் கூடாதென்று துணிப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி துழாவினாள். சொல்லிவிடலாமா என்று ஆத்மநாதனுக்கு வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, காடிப் பானையில் விழுமாம் துள்ளி.

மறுநாள் பக்கத்துக் கட்டிலில் அழகி என்று பொன்னமராவதிப் பக்கத்து அம்மாள். பக்கவாதத்தில் விழுந்த கைக்கு ஊசி வைத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பெஞ்சிலிருந்து செவந்தி எழுந்து உள்ளே போய்க் கொடுத்தாள். கொடுத்தவள் அங்கேயே நின்று அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கட்டிலுக்கும் நடுவில் விலகிக் கிடந்த திரை வழியாகப் புருஷன் முதுகைப் பார்த்தாள். வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் புதுக்கோட்டையைத் தாண்டிற்று. பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அழகியக்காவுக்கு ஊசி ஒவ்வொண்ணும் தலையாட்டிக்கிட்டு நிக்குது. ஒங்க ஊசி ஏங்க சும்மா நிக்குது?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"திருகு ஒங்க கையிலதானே இருக்கு?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பீஸைப் புடுங்கித் துண்டுல முடிஞ்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கீங்க. நான் ஒரு கிறுக்கி, வெளியில உக்காந்து முடி எறக்குறேன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"பயமா இருக்கு செவந்தி."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. அவர் திரும்பாமலே சொன்னார். "மறுபடி அந்தச் சுண்டு சுண்டுனதும் விழுந்துருவேன்னு தோணுது. படுத்துத்தான் கெடக்கேன், எங்கேருந்து விழப் போறேன்? ஆனா தோணுது."

வேறு பெண்ணாக இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பாள். செவந்திக்குக் கோபம்தான் வந்தது. "இத்தனை மாசமா ஒங்களுக்கு நான் ட்யூபு விடுறேன். ஒரு நாளாவது வலிக்க விட்டுருக்கேனா?"

"இல்ல."

"அப்ப நாளைக்குத் திருகு எங்கிட்ட இருக்கட்டும்."

ஆலங்குடியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஊர் வந்து, வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் அவர், "சரி" என்றார்.

விஷயத்தைக் கேட்ட இளமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "ஊசிக்கு வேலை, கரண்டுக்கு லீவா? நான் எம் படிப்பையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்ங்கய்யா. திருகை நம்பிக் குடுத்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்." ஆத்மநாதன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குப்புறப் படுத்துக்கொண்டார்.

இளமதி பக்கத்திலேயே நிற்க, செவந்தி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை அவர் பிடரியில் வைத்தாள்.

"கூட்டவா?"

அவர் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார். "கூட்டு."

"வந்துருச்சா?"

"இல்ல."

"இப்ப?"

சுண்டியது. உடம்பு விறைத்தது. பிடரியில் இருந்த கை அப்படியே இருந்தது. மறுபடி சுண்டியது, மறுபடி. கொஞ்ச நேரத்தில் அது சுண்டுவதாக இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டலாக மாறிற்று. யாரும் விழவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக அவர் பிரித்தார்.

"இதே மாதிரிதான் கீழயும்" என்றாள் இளமதி. "பை தள்ளும்போது வாசல் தொறக்கணும். நீங்க வாசலை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னா எப்படி வரும்? விடக் கத்துக்கணும்ங்கய்யா."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சும்மாவா சொன்னார்கள். உடனே நகர்ந்துவிடவில்லை. இரண்டு வாரம் போனது, ஸ்கேனில் மிச்சம் துளியளவு குறைந்தது. அந்தத் துளியை வைத்துக்கொண்டு இளமதி நிறுத்தாமல் தொடர்ந்தாள். ஊசி வைப்பது, நேரம் பார்த்துத் தண்ணீர் குடிப்பது, நேரம் பார்த்து உட்கார்ந்து முயற்சி செய்வது, பிறகு ட்யூப் விட்டு மிச்சத்தை எடுப்பது என்று நாட்கள் போயின.

ஒரு நாள் திரும்பி வருகிற பஸ்ஸில், வம்பன் நாலு ரோட்டைத் தாண்டும்போது, ஆத்மநாதன் செவந்தியின் கையைப் பிடித்தார்.

"முட்டுது."

"யாரு முட்டுறா?" என்று அவள் பின் சீட்டுக்காரனை முறைத்தாள்.

"அது இல்லடி. ஒண்ணுக்கு முட்டுது."

விழுந்த நாளிலிருந்து நிரம்பியதும் தெரியாமல், காலியானதும் தெரியாமல் கிடந்த இடம் அது. செவந்தி எழுந்து நின்று பஸ்ஸே அதிரும்படி, "கண்டக்டர் தம்பி, வண்டிய நிப்பாட்டுங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுக்கு வருது" என்று கூப்பாடு போட்டாள். பஸ்ஸில் சிரிப்பு. கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே விசில் அடித்தார். ஆத்மநாதன் கருவேல மரத்தடியில் நெடுநேரம் நின்றார். வந்தது நாலு சொட்டு. திரும்பி ஏறினவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செவந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விசிலை அடித்தார்.

தேருக்கு முந்தின வாரம் ஸ்கேன் பார்த்துவிட்டு இளமதி சொன்னாள். "பாதிக்கு மேல நீங்களே போறீங்க. ட்யூபு இனிமே காலையில ஒருதரம், ராத்திரி ஒருதரம் போதும். ஆனா கூட்டத்துல, அவசரத்துல, ஒடம்பு எறுகிக்கிட்டு வராமப் போகலாம். அப்படிப் போச்சுன்னா வீம்பு புடிக்காம ட்யூபைப் போட்டு எடுத்துரணும்." அதிகாரியும் ஒத்துக்கொண்டார். கம்பத்தில் ஏறுவது கோபிநாத், கீழே முன்னால் நடப்பது ஆத்மநாதன். நடுவில் முடியாமல் போனால் அன்றோடு நாற்காலிதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தேரன்று செவந்தி துணிப்பையில் ட்யூபும் சோப்பும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். ஆத்மநாதன் கட்டைகளைப் பிடுங்கித் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குலவை கேட்டது. இரண்டு தெரு நன்றாகப் போயிற்று. நடுவில் தேங்காய் உடைக்க நின்றபோது நேரம் பார்த்து ஒதுங்கினார், வரவில்லை. பரவாயில்லை என்று திரும்பி வந்தார். மூன்றாவது தெரு முக்கில் தேர்ச் சக்கரம் மண்ணில் இறங்கி நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார்கள், நெம்பிப் பார்த்தார்கள், அசையவில்லை. கோபிநாத் கம்பத்தின் மேலே, குறுக்கு ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இருந்தான்.

அப்போதுதான் முட்டியது. பஸ்ஸில் முட்டின மாதிரி இல்லை, இது நிஜமான முட்டு. பத்தடியில் பள்ளிக்கூடச் சுவர். போகலாம். ஆனால் இடுப்பில் கட்டை இருக்கிறது, மேலே ஒருத்தன் இருக்கிறான். துண்டு இடுப்பில் இறுக்கிக்கொண்டு இருக்கிறவரைக்கும் தனக்கு எதுவும் வரப் போவதில்லை என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. காலையில் ஒதுங்கினபோதும் அதைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோபி, கட்டையை ஒங்கக்காகிட்டக் குடுத்துட்டு வாரேன்டா" என்று மேலே பார்த்துச் சொன்னார்.

கோபிநாத் கீழே எட்டிப் பார்த்தான். பெத்த தகப்பனுக்கும் கொடுக்காத மனுசர். "அக்காகிட்டயா? குடுத்துட்டுப் போங்கண்ணே, நான் இப்படியே இருக்கேன்."

அவர் முடிச்சோடு துண்டை அவிழ்த்துச் செவந்தி கையில் வைத்தார். "யாரு கேட்டாலும் குடுத்துராத."

"ட்யூபு?"

"பையிலயே இருக்கட்டும்."

சுவருக்குப் பின்னால் போய் நின்றார். தெருவில் கரண்ட் இல்லாததால் மைக்கும் இல்லை, பாட்டும் இல்லை. வேப்பமரத்தில் காகம் கத்துவது கேட்டது. அவர் நின்றார். வரவில்லை. இன்னும் நின்றார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கோயில் கமிட்டித் தலைவர் சந்தனத்தின் குரல் கேட்டது.

"தேரு எப்படியும் ஒரு மணி நேரம் நிக்கும் போலருக்கு. கரண்டு குடுத்தா மைக்குல சொல்லி நாலு ஆளக் கூப்புடலாம். அந்தக் கட்டைய இங்கிட்டுக் குடு ஆத்தா, நான் சொருகிக்கிர்றேன்."

"மேல ஆளு இருக்கு."

"அவனை எறங்கச் சொல்லிட்டுச் சொருகிக்கிர்றேன்த்தா. நான் கமிட்டித் தலைவரு, எங்கிட்டக் குடுக்க மாட்டியா?"

"மாரியம்மாளே தேரை விட்டு எறங்கி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு வந்து கை நீட்டுனாத்தான் குடுப்பேன். நீங்க அங்கிட்டுப் போயி சக்கரத்தைப் பாருங்க."

சுவருக்குப் பின்னால் ஆத்மநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போடாமல் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க, இத்தனை மாதமாக உடம்புக்குள் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த கை ஒன்று தளர்ந்தது. முதலில் சொட்டாக வந்தது. பிறகு நூலாக வந்தது. பிறகு, அந்தச் சத்தமில்லாத தெருவில் அவர் காதுக்கே கேட்கிற மாதிரி, சுவரில் அடித்துக்கொண்டு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

வெளியே வந்தபோது செவந்தி ஒரு கையில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டும், இன்னொரு கையால் துண்டு முடிச்சை மார்போடு அணைத்துக்கொண்டும் கம்பத்தடியில் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாள்.

"ட்யூபு வேணுமா?"

"வேணாம்."

அவள் துண்டை நீட்டினாள். அவர் வாங்கப் போனார். அதற்குள் பின்னால் பெருங்குரல் எழும்பியது, நெம்புகோல் பிடித்து சக்கரம் மேடேறிவிட்டது, வடம் விறைத்தது. தேர் அசைந்தது. ஆத்மநாதன் துண்டை வாங்காமல் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேளத்துக்கு முன்னால் போனார்.

"நீயே வச்சுக்கிட்டு வா. அடுத்த தெருவுக்குப் போகணும்."